வேலை பார்த்துக்கொண்டே ஒரு எம்.ஏ.

மலர்க் குழுத் தம்பிகள் போன வாரம் கடைக்கே வந்துவிட்டார்கள். பழைய மாணவர் என்ற முறையில் ஒரு கட்டுரை வேண்டுமாம். பெரியவர் யாருடைய வாழ்க்கையாவது எழுதித் தர வேண்டுமாம். எனக்கோ பரீட்சைக்குப் படிக்கவே நேரம் இல்லை, இதில் கட்டுரை எங்கே எழுத? முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன், அந்த நேரமில்லாத கதையையே எழுதினால் என்ன என்று ஒத்துக்கொண்டேன்.

எனக்கு ஆலங்குளம் பக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு நெட்வொர்க் கடையில் வேலை. காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். இதற்கு நடுவே சி.சி.என்.ஏ. பரீட்சை எழுத ஆசைப்பட்டேன். தேர்வு என்னவோ இரண்டு மணி நேரம்தான், ஆனால் ஃபீஸ் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். ராத்திரி பத்து முதல் இரண்டு வரை படிப்பு என்று கலர் பேனாவில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாளே புத்தகத்தின் மேல் குப்புறத் தூங்கிவிட்டேன். தேதியை இரண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் தங்கச்சியின் காலேஜ் செலவுக்கு எடுத்து வைத்தது என்பது எனக்குத் தெரியும்.

தினமும் நான் போகிற பஸ் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் போகும். நம் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் விழாவுக்கு விழா தமிழ்த்தாய் வாழ்த்து பாடியிருக்கிறோம். அதை எழுதியவர் அவர்தான் என்று தெரியும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது ஆடிப்போய்விட்டேன்.

பெ. சுந்தரம் பிள்ளை 1855 ஏப்ரலில் ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தி அம்மாள். பி.ஏ. தேறியது 1876-ல். அடுத்த ஆண்டே சிவகாமி அம்மாளுடன் திருமணம். பிறகு நம் திருநெல்வேலிக்கு வந்து ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவரானார். இன்று பேட்டையில் இருக்கிற ம.தி.தா. இந்துக் கல்லூரியின் பழைய வடிவம்தான் அந்தப் பள்ளி. அது கல்லூரியாக உயர்ந்தது 1878-ல், இவர் இங்கே இருந்த காலத்தில். பாரதியார் பிற்பாடு படித்ததும் இங்கேதான்.

நெல்லையில் இருந்தபோதுதான் தாமிரபரணிக் கரையில் உள்ள கோடகநல்லூரைச் சேர்ந்த சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். புது மனைவி, புது ஊர், ஒரு பள்ளிக்கூடத்தின் பொறுப்பு முழுவதும் தலையில், போதாததற்கு வேதாந்தம். நானாக இருந்தால் எம்.ஏ.வை அடுத்த பிறவிக்குத் தள்ளியிருப்பேன்!

அவரோ 1880-ல் தத்துவத்தில் எம்.ஏ. தேறிவிட்டார், இருபத்தைந்து வயதில். அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் அதன் வேலை. இன்றைக்கு நாம் எழுதுகிற சர்டிஃபிகேட் பரீட்சை மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்ததே 1918-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் நேரம் எங்கிருந்து வந்தது? வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எம்.ஏ.வுக்கு முந்தின ஆண்டு, 1879-ல், நெல்லையில் தலைவர் நாற்காலியை விட்டுவிட்டுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்கே திரும்பியிருக்கிறார். பேராசிரியர் ராபர்ட் ஹார்வியின் கீழ் தத்துவத்துக்கு உதவிப் பேராசிரியர் பதவி. ஊரில் கேட்டால், தலைமையை விட்டுவிட்டு யாராவது உதவிக்குப் போவானா வே என்பார்கள். எனக்கு என்ன படுகிறது என்றால், அங்கே பகலில் வகுப்பில் சொல்வதும் தத்துவம், பரீட்சைக்கு வருவதும் தத்துவம். சம்பளம் தருகிற வேலையே பாதிப் படிப்பாகிவிட்டது.

பிறகு மூன்று ஆண்டு அரண்மனையில் வருவாய்த் துறை உத்தியோகம். 1885-ல் ஹார்வி ஓய்வு பெற, தத்துவப் பேராசிரியராகத் திரும்பினார். 1888-ல் நூற்றொகை விளக்கம் எழுதினார். அறிவுத்துறைகளை வகைப்படுத்திச் சொல்கிற சின்ன நூல் அது. நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்கள்தான் அதைத் தேடிப் படிக்க வேண்டும், நாமோ பெயரைக்கூடக் கேட்டதில்லை.

1891-ல் மனோன்மணியம் வந்தது. லிட்டன் பிரபுவின் ஒரு கதையை எடுத்து, பாண்டியன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுவதாக மாற்றி, முழுக்கச் செய்யுளிலேயே நாடகமாக்கினார். அதில் சுரங்கம் தோண்டும் முனிவருக்குச் சுந்தர முனிவர் என்று பெயர். கோடகநல்லூர்க் குரு ஞாபகம் வராமல் போகாது. நூலை ஹார்விக்குக் காணிக்கை ஆக்கினார். அதன் பாயிரத்தில் உள்ள வாழ்த்துப் பகுதியைத்தான் 1970-ல் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. 2021-ல் அது மாநிலப் பாடலும் ஆனது. இத்தனைக்கும் நடுவில் கல்வெட்டுகளைத் தேடி ஆராய்ந்து, திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றியும் திருஞானசம்பந்தர் காலத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதினார். 1896-ல் ராவ்பகதூர் பட்டம் கிடைத்தது. 1897 ஏப்ரல் 26-ல் காலமானார். வயது 42.

அந்த 42 என்ற எண்ணைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி சுவரில் இருந்த டைம்டேபிளைக் கிழித்துவிட்டேன். மறுநாள் கடை முதலாளி அண்ணாச்சியிடம் போய், பில் போடுகிற சீட்டை வேறு பையனுக்குக் கொடுத்துவிடுங்கள், என்னை ஸ்விட்ச், ரௌட்டர் கட்டுகிற வேலைக்கு வெளியே அனுப்புங்கள் என்று கேட்டேன். ஏ.சி.யில் உட்காருகிறவன் ஏணி ஏறக் கேட்கிறானே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அண்ணாச்சி சிரித்தார்கள். ஆனாலும் அனுப்பினார்கள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வி.லேன் பிரித்துக் கொடுத்தால், அன்றைக்கு அந்தப் பாடம் முடிந்த மாதிரி. ராத்திரி அரை மணி நேரம் நோட்டில் எழுதிப் பார்த்தால் போதும். சப்நெட் கணக்கு பஸ்ஸில்.

தேதி அடுத்த மாதம் பதினேழு. இந்தத் தடவை தள்ளவில்லை. ஐ.பி. வெர்ஷன் ஆறு மட்டும் இன்னும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. நாளைக் காலை பஸ்ஸில் சீட் கிடைத்தால் அதை எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அபிஷேகப்பட்டி வரை நின்றுகொண்டுதான்.