துப்பாக்கியைக் கீழே வைத்த தோட்டத் துரை: தாமான் நெகாரா உருவான கதை

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை அறியாத தமிழர் இந்நாட்டில் குறைவு. வெள்ளைக் கோபுரங்களும் வளைவுகளுமாக 1910-இல் எழுந்த அந்தக் கட்டடத்தையும், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நிற்கும் ஜாமெக் பள்ளிவாசலையும் வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அண்ணன் பெயர் கல்லில் நிற்கிறது. தம்பி தியோடர் ராத்போன் ஹப்பேக் விட்டுச்சென்றது கட்டடம் அல்ல, ஒரு காடு. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தாமான் நெகாராதான் அது.

அந்தக் காட்டின் கதை நம் நெகிரி செம்பிலான் கித்தாத் தோட்டங்களையும் தொட்டுச் செல்கிறது. தியோடர் ஹப்பேக் இங்கே தோட்டத் துரையாக இருந்தவர்.

அவர் பிறந்தது 1872 டிசம்பரில், லிவர்பூலில். உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோனை அமெரிக்கா அறிவித்ததும் அதே ஆண்டில்தான். தந்தை லிவர்பூல் மேயராக இருந்த வசதியான வணிகர். இன்னொரு தம்பி ஜார்ஜ் பாதிரியாராகி இந்தியாவுக்குச் சென்று, பின்னாளில் கல்கத்தாவின் பிஷப் ஆனார். தியோடர் 1892-இல் லங்காஷயர் அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர். அந்த வீட்டுப் பிள்ளை ஏதோ ஒரு கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்திருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவர் மலாயாவுக்குக் கப்பலேறினார்.

அவரை இங்கே பிடித்து நிறுத்தியது காடு. சரியாகச் சொன்னால், வேட்டை. காட்டு யானையும் செலாடாங் எனப்படும் காட்டெருதும் அவருடைய இலக்கு. செலாடாங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏறக்குறைய ஓர் ஆள் உயரத் தோள், ஒரு டன்னை நெருங்கும் எடை, நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற நிறம். அடிபட்ட செலாடாங் ஓடாது, மறைந்து நின்று வேட்டைக்காரனுக்காகக் காத்திருக்கும் என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் அஞ்சினார்கள். அந்த மிருகத்தின் பின்னால் ஹப்பேக் வாரக்கணக்கில் நடந்தார். மலாய்க்காரத் தடம் பார்ப்பவர்களும் காட்டில் வாழும் பூர்வகுடியினரும்தாம் அவருக்கு வாத்தியார்கள். கால்தடத்தில் தேங்கிய நீர் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று பார்த்து, மிருகம் எவ்வளவு முன்னால் போகிறது என்று கணக்கிடும் வித்தை எல்லாம் அவர்களிடம் கற்றதுதான்.

1905-இல் மலாயாவின் யானை, செலாடாங் வேட்டை பற்றி ஒரு நூலை லண்டனில் வெளியிட்டார். 1912-இல் பகாங் காடுகளில் மூன்று மாதம் அலைந்த அனுபவம் இன்னொரு நூலானது. இடையே 1907-இல், லிடெக்கர் என்ற விலங்கியலாளர் மலாயாச் செலாடாங்கைத் தனிக் கிளையினமாக வகுத்து, அதற்கு ஹப்பேக்கின் பெயரையே சூட்டினார். இன்றும் அதன் அறிவியல் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொன்றவனின் பெயரையே கொல்லப்பட்டதற்கு வைக்கும் வழக்கம் அந்தக் காலத்துக்கே உரியது.

அவர் நெகிரி செம்பிலானில் ரப்பர் பயிரிட்ட காலம் எப்படிப்பட்டது என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது, ரப்பர் விலை ஏறியது, காடு இறங்கியது. பெருமரங்களை வெட்டிச் சாய்த்தவர்கள் பெரும்பாலும் மலாய், ஜாவானிய, சீனக் குத்தகையாளர்கள். அதன் பிறகு கன்று நட்டு, புல் வெட்டி, மரம் சீவி, பால் சுமந்து அந்த நிலத்தைத் தோட்டமாக்கியவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா வளைவுகளில் ஏறி ஜெலுபு பக்கம் இறங்கினால், எங்கே தோட்டம் முடிகிறது, எங்கே காடு தொடங்குகிறது என்பது இப்போதும் கண்ணுக்குத் தெரியும். நூறு ஆண்டுக்கு முன் அந்தக் கோடு ஒவ்வொரு வருடமும் நகர்ந்துகொண்டே இருந்தது.

கோடு நகர நகர மிருகம் தோட்டத்துக்குள் வந்தது. யானை இளங்கன்றுகளை மிதித்தது. மான் துளிரைத் தின்றது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வேரைத் தோண்டின. வந்தது மிருகமா, போனது காடா என்று யாரும் கேட்கவில்லை. பயிர் நாசத்தைக் காரணம் காட்டி, கண்ட மிருகத்தைச் சுட அனுமதி வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் அரசாங்கத்தை நெருக்கினார்கள். பங்களாவில் உறங்கிய துரையைவிட, காட்டோர லயன் வீட்டில் உறங்கியவனுக்கும் விடியுமுன் பெரட்டுக்கு நடந்தவளுக்கும்தான் யானை பயமும் புலி பயமும் அதிகம். ஆனால் அந்த வாக்குவாதத்தில் அவர்கள் குரல் பெரிதாகக் கேட்கவில்லை.

ஹப்பேக் அந்த முதலாளிகளின் வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய நலனும் ரப்பரில்தான் இருந்தது. இருந்தும் அவர் எதிர்ப்பக்கம் போய் நின்றார். பயிரைக் காக்கிறோம் என்ற பெயரில் நடப்பதில் பாதி, தந்தத்துக்கும் கொம்புக்கும் இறைச்சிக்குமான வேட்டை என்பது வேட்டைக்காரரான அவருக்கு நன்றாகவே தெரியும். இருபது ஆண்டுக்கு முன் தாம் கூட்டம் கூட்டமாகச் செலாடாங் பார்த்த ஆற்றங்கரைகளில், தடம்கூட இல்லாமல் போனதையும் அவர் பார்த்தார். மனம் ஒரே நாளில் மாறவில்லை. 1918-க்குப் பிறகும் வேட்டைக்காக அலாஸ்கா வரை இருமுறை போய்வந்து, அதைப் பற்றி நூல்கள் எழுதினார். ஆனால் மலாயாவில் அவர் கையில் துப்பாக்கி இருந்த இடத்தை மெல்ல மெல்ல கேமராவும் குறிப்பேடும் பிடித்துக்கொண்டன.

1920-களில் அவர் பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காவலர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது. இன்று அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பலர் வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியிலேயே குடியிருந்து, ஒரு தேசியப் பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஊதியமில்லாத் தொண்டு செய்கிறார்கள். அவர்கள் செய்வதை ஹப்பேக் சாலையே இல்லாத நாட்டில் செய்தார். படகு, கூடாரம், சுமை தூக்குவோர், அரிசி மூட்டை. மழை பெய்தால் ஆறு ஏறும். ஆறு ஏறினால் கரையில் காத்திருக்க வேண்டும். அப்படிப் பல மாதங்கள் உப்பு ஊற்றுகளின் ஓரமாகப் பதுங்கியிருந்து, எந்த மிருகம் எப்போது வருகிறது, என்ன தின்கிறது, எந்த வழியே திரும்புகிறது என்று எழுதி வைத்தார்.

1923-இல் பகாங்கில் கிராவ் காடு சரணாலயமானது. 1925-இல் தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான குனோங் தாஹானைச் சுற்றிச் சுமார் 1,300 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்பட்டது. ஹப்பேக்குக்கு அது போதவில்லை. ஒரு கையெழுத்தில் ஒதுக்கப்பட்ட காட்டை இன்னொரு கையெழுத்தில் ஈயச் சுரங்கத்துக்கோ தோட்டத்துக்கோ கொடுத்துவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. எந்த அதிகாரியும் தன் வசதிக்கு மாற்ற முடியாத சட்டம் வேண்டும் என்று அவர் வாதாடினார். கோலாலம்பூர் அலுவலகங்கள் காது கொடுக்காதபோது, லண்டனில் பேரரசின் விலங்குகளைக் காக்கும் சங்கத்துக்கு எழுதினார். உள்ளூர் அதிகாரிகளுக்கு இது பிடித்திருக்க வாய்ப்பில்லை. மேலிடத்துக்கு நேரே கடிதம் எழுதுகிறவனை எந்தக் காலத்து அலுவலகமும் விரும்பியதில்லை.

1930-இல் அரசாங்கம் மலாயா வனவிலங்கு விசாரணை ஆணையத்தை அமைத்து, பொறுப்பை அவரிடமே கொடுத்தது. அவர் நாடு முழுக்கச் சுற்றினார். தோட்டக்காரர், விவசாயி, அதிகாரி, வேட்டைக்காரர் எனப் பலரிடமும் சாட்சியம் வாங்கினார். 1932-இல் வெளிவந்த அறிக்கை மூன்று பெரிய தொகுதிகள். பயிர்ச் சேதம் உண்மைதான் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் சேதம் செய்யும் மிருகத்தைப் பயிற்சி பெற்ற காவலர்கள் கட்டுப்படுத்த வேண்டும், கண்டவர் கையிலெல்லாம் துப்பாக்கி கொடுக்கக் கூடாது, மிருகங்களுக்கென்று நிரந்தரமான பெருங்காடு ஒன்று வேண்டும் என்று அது கேட்டது.

அவர் சாட்சியம் வாங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் தோட்டங்களில் நடந்தது வேறு. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை அடியோடு விழுந்தது. கூலி வெட்டப்பட்டது. வேலையிழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். காட்டு மிருகத்துக்கு மூன்று தொகுதி அறிக்கை எழுதக் காகிதம் கிடைத்த நேரம் அது. இதற்காக ஹப்பேக்கைக் குறை சொல்வது நியாயமாகாது. அவருடைய வேலை அதுவல்ல. ஆனாலும் அந்த மூன்று தொகுதிகளையும் படிக்கும் தோட்டத்துப் பேரப்பிள்ளைக்கு இது நினைவுக்கு வராமல் போகாது.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். லைசென்ஸ் வாங்கக் காசுள்ள வெள்ளைக்காரன் சுட்டால் அது விளையாட்டு, கம்பத்துக்காரன் வயிற்றுக்காக வலை வைத்தால் அது குற்றம் என்ற பார்வை அன்றைய வேட்டைச் சட்டங்களில் ஊறிக் கிடந்தது. ஹப்பேக்கும் அந்தக் காலத்து மனிதர்தான். ஆனால் தம் சொந்த இனத்துத் தோட்டக்காரர்களின் துப்பாக்கியையும் கட்டுப்படுத்தச் சொன்னதில் அவர் மற்றவர்களிலிருந்து விலகி நின்றார்.

அறிக்கையின் பெரும்பகுதி உடனே நிறைவேறவில்லை. பூங்கா யோசனை மட்டும் பிழைத்தது. அதிலும் பெரிய சிக்கல் இருந்தது. அவர் கேட்ட காடு மூன்று மாநிலங்களில் பரவிக் கிடந்தது. பகாங் கூட்டரசு மாநிலம், கிளந்தானும் திரெங்கானும் அதற்கு வெளியே இருந்தவை. நிலம் சுல்தான்களுடையது. ஆகவே பகாங் சுல்தான் அபு பக்கார், கிளந்தான் சுல்தான் இஸ்மாயில், திரெங்கானு சுல்தான் சுலைமான் ஆகிய மூவரின் சம்மதமும் தேவைப்பட்டது. அவர்களை இணங்க வைக்க ஹப்பேக் விடாமல் முயன்றார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைப் பூங்காவுக்குச் சூட்டும் யோசனையும் காரியத்துக்கு உதவியது. 1938-லும் 1939-லுமாக மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. ஒரே காடு, மூன்று சட்டம். அன்று தலைவலியாக இருந்த இந்த ஏற்பாடு, பின்னாளில் பூங்காவுக்குக் கவசமானது.

அதே 1939-இல், தம் 66-ஆம் வயதில், இரட்டைக் கொம்புள்ள ஆசியக் காண்டாமிருகம் பற்றி இரண்டு நீண்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். ஒன்று அமெரிக்காவிலும் மற்றொன்று பம்பாயிலும் வெளியாகின. சேற்றுக் குழியில் அது எப்படிப் புரள்கிறது, எந்தச் செடியை ஒடித்துத் தின்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதெல்லாம் தடத்தை மட்டுமே தொடர்ந்து போய்ச் சேகரித்த செய்திகள். கொம்புக்கு மருந்துக் கடைகளில் கிடைத்த விலை அந்த மிருகத்தை முடித்துவிடும் என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்தது.

ஜப்பானியப் படை 1941 டிசம்பரில் கிளந்தான் கரையில் இறங்கியது. வெள்ளையர்கள் தெற்கே சிங்கப்பூருக்கு ஓடினார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஹப்பேக் பகாங் காட்டுக்குள் போனார். வாழ்நாள் முழுக்கப் பழகிய இடம் அது. 1942 கடைசியில் அவர் காணாமல் போனார். காட்டிலேயே கொல்லப்பட்டார் என்றுதான் நம்பப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் மன்னர் பெயர் போய், தாமான் நெகாரா என்ற பெயர் வந்தது. 1970-களில் தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டும் திட்டம் எழுந்தது. கட்டியிருந்தால் பூங்காவின் தாழ்நிலக் காட்டில் பெரும்பகுதி நீருக்குள் போயிருக்கும். இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். மூன்று மாநிலச் சட்டங்களும் குறுக்கே நின்றன. 1980-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

காண்டாமிருகத்தை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. தீபகற்பத்தில் அது எப்போதோ மறைந்தது. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. செலாடாங் இன்னும் இருக்கிறது, மிகச் சிலவாக. கிராவ் காட்டோரம் ஜெண்டெராக்கில் வனவிலங்குத் துறை அவற்றை வேலிக்குள் வைத்து இனப்பெருக்கம் செய்கிறது. அங்கே புல் மேயும் ஒவ்வொரு மாட்டின் அறிவியல் பெயரும் ஹப்பேக் என்றுதான் முடிகிறது.