அணிலுக்கும் யானைக்கும் ஒரே மரியாதை... யார் இந்த மா.கிருஷ்ணன்?

வைல்டுலைஃப் போட்டோகிராஃபி என்றதும் என்ன ஞாபகம் வருது? ஆப்பிரிக்கச் சிங்கம், ஜீப் சஃபாரி, லட்சக்கணக்கில் விலை சொல்லும் லென்ஸ். கொல்லைப்புறத்து முருங்கை மரத்தில் ஓடும் அணில் அந்த லிஸ்ட்டிலேயே இருக்காது.

ஆனால், இந்தியாவின் முன்னோடி வனவிலங்கு போட்டோகிராஃபர்களில் ஒருவரான மா.கிருஷ்ணன் அப்படிப் பார்க்கவில்லை. காட்டு யானையைப் பார்த்த அதே அக்கறையோடு வீட்டு அணிலையும் பார்த்தார். அதுக்காகவே, மாதச் சம்பளம் இல்லாத ஒரு வாழ்க்கையை 40 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

மயிலாப்பூரில் நரி!

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையா. தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் முக்கியமானவர். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன் கடைக்குட்டி.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. இன்னிக்கு டிராஃபிக்கில் திணறும் அதே மயிலாப்பூர்தான். அப்போது வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு. பறவைகள் மட்டுமல்ல, நரியும் நடமாடிய இடம். சின்ன வயசிலேயே ஒரு கீரியை வளர்த்தார் கிருஷ்ணன். காட்டுயிர்களோடு அவருக்கு அறிமுகம் கிடைத்தது காட்டில் அல்ல, வீட்டு வாசலில்!

1925-ல் அப்பா இறந்தபோது கிருஷ்ணனுக்கு 13 வயதுதான். பிறகு மாநிலக் கல்லூரியில் படித்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போய்வந்தார். ஃபைசனின் மனைவியிடம் வாட்டர்கலர் ஓவியமும் கற்றுக்கொண்டார். சட்டப் படிப்பையும் முடித்தார். ஆனால், மனசு என்னவோ எழுத்திலும் படம் வரைவதிலும்தான்.

வேலை போச்சு... அடுத்து என்ன?

1942-ல் கர்நாடகாவின் பெல்லாரி அருகே இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என ஒரே ஆள் பல பொறுப்புகளைப் பார்த்தார். கிடைத்த நேரமெல்லாம் மலைகளில் அலைந்தார். ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார்.

1949-ல் சந்தூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன், இன்னொரு ஆபீஸ் வேலை தேடிப் போகாமல் எழுத்தையும் கேமராவையும் மட்டும் நம்பினார். குடும்பம் இருந்தது, நிரந்தர வருமானம் இல்லை. ஃப்ரீலான்சர் என்ற வார்த்தை நம்ம ஊரில் யாருக்கும் பெரிதாகத் தெரியாத காலம் அது.

1950-ல் கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்த அந்தப் பத்தி 46 ஆண்டுகள் ஓடியது. புலி, யானை மட்டும் அதில் வரவில்லை. காகம், அணில், குயில் எனத் தினமும் நம் கண்ணில் படுகிற உயிர்களும் வந்தன. 1961-ல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் தலைப்பே ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’. காடும் கொல்லைப்புறமும் ஒரே அட்டையில்!

ஒட்டுப்போட்ட கேமரா

அவருடைய கேமராவைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். கேமராவின் உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி. மற்ற பாகங்களையும் எங்கிருந்தோ சேகரித்து, அவரே பொருத்திக்கொண்டார். அந்தக் கனமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வேறு!

கலர் ஃபிலிம் பரவலான பிறகும் கறுப்பு-வெள்ளையை அவர் விடவில்லை. யானைத் தோலின் சுருக்கம், மரப்பட்டையின் சொரசொரப்பு, இலை நிழல் எல்லாம் அதில் துல்லியமாகப் பதிந்தன. ஃபிலிம் காலத்தில் எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது, டெலிட் பண்ணவும் முடியாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. அதனால் விலங்கு எப்போது அசையும், எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதுக்கு ஒரே வழி, பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பதுதான்.

வீட்டு முற்றத்தில் பழகிய இந்தப் பொறுமை காட்டிலும் கைகொடுத்தது. முதுமலையில் பழக்கப்பட்ட யானைகளின் முதுகில் உட்கார்ந்தபடியே காட்டு யானைகளைப் படமெடுத்தார். 1968-ல் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. தீபகற்ப இந்தியக் காடுகளில் பாலூட்டிகளை ஆய்வு செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் அதை நூலாக வெளியிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ விருதும் தேடி வந்தது.

குல்மோகருக்கு ஏன் எதிர்ப்பு?

சாலையோரம் குல்மோகர் மாதிரி வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். பூ அழகாக இருக்கலாம். ஆனால், ஒரு நாட்டின் அடையாளம் அதன் மண்ணுக்கே உரிய மரமும் விலங்கும் பறவையும்தான் என்பது அவர் வாதம். ஆலும் அத்தியும் பழுத்தால் எத்தனை பறவைகள் வருகின்றன என்று பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

தமிழிலும் நிறைய எழுதினார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’, ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ ஆகிய தொகுப்புகள் அவர் மறைவுக்குப் பிறகு வந்தவை. ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார்!

1996 பிப்ரவரி 18 அன்று, 83 வயதில் கிருஷ்ணன் காலமானார். அவர் சிறுவனாகப் பார்த்த மயிலாப்பூர்ப் புதர்க்காடு அதுக்கு ரொம்ப முன்பே காணாமல் போயிருந்தது. நரி போனதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

ஒரு உயிரைத் தினமும் பார்த்துப் பழகினால்தான், அது வராமல் போகும் நாள் நமக்கு உறைக்கும். கிருஷ்ணனின் பத்திகளுக்கும் படங்களுக்கும் இன்றைக்கும் மதிப்பு இருப்பது அதனால்தான். பால்கனிக்கு வரும் அணிலைப் படமெடுக்க இன்னிக்கு ஒட்டுப்போட்ட கேமரா தேவையில்லை, கையில் இருக்கிற போனே போதும். கிளிக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் சும்மா பார்க்கணும், அவ்வளவுதான்.