ஊர் தேடி வந்த மருத்துவம்: டாக்டர் சஞ்சீவியார்

பழவேற்காட்டு ஏரியில் வலைப்பாட்டு உரிமையின்றிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் நம் மக்கள், காலில் புண் பட்டாலும் காய்ச்சல் கண்டாலும் அது முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுவதை நாம் கண்டுவருகிறோம். ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். இத்தகையோரை மருத்துவமே தேடிச் செல்ல வேண்டும் என்று எண்ணிச் செயற்பட்டவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி ஆவார்.

1903இல் பிறந்த அன்னார் காந்திய நெறியில் ஊன்றியவர். சென்னையில் மருத்துவப் பேராசிரியராகப் புகழ் பெற்றவர். தனித்தொழிலில் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ 1958இல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வருவாய்க்கேற்பக் குடும்பங்கள் சிறு தொகை செலுத்திச் சிகிச்சை பெறும் முறையை அங்கு வகுத்தார்.

மருத்துவமனை மட்டும் போதாதெனக் கண்டு, பரங்கிமலை ஒன்றியச் சிற்றூர்களில் சிறு நலவாழ்வு நிலையங்களை நிறுவினார். ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு நிலையம். பகுதிநேர மருத்துவர் ஒருவர், ஆணும் பெண்ணுமாகப் பன்னோக்குப் பணியாளர் இருவர், உள்ளூரிலேயே தேர்ந்து பயிற்றப்பட்ட முதலுதவியாளர்கள் ஆகியோர் ஒரே குழுவாக இயங்கினர். முதலுதவியாளர் வீட்டில் கண்டதைப் பணியாளர் அறிவார். அவரால் இயலாதது மருத்துவரிடம் செல்லும். அதனினும் கடியது மருத்துவமனைக்குச் செல்லும். தடுப்பூசியும் தாய்சேய் நலமும் இவ்வாறே இல்லந்தோறும் சென்றன. அரசும் இம்முறைக்குத் துணைநின்றது. 1976இல் பத்மபூஷண் பெற்ற அப்பெருமகனார் 1994இல் மறைந்தார்.

அக்குழுவின் அடித்தளம் பட்டம் பெற்றவரல்லர், ஊரை அறிந்தவரே. கால் நூற்றாண்டாக நம் பிள்ளைகளை நகரத்து வேலைகளுக்கு ஆயத்தம் செய்தோம். செவிலியர் பயிற்சி முடித்து ஏரிக்கரைக்கே திரும்பும் ஒரு மகளையேனும் இனி உருவாக்குவோமாக.