கணக்கர் ராதாநாத சிக்தார்

கம்ப்யூட்டர் என்னும் சொல் இன்று ஒரு யந்திரத்தைக் குறிக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது நம் தேசத்தில் ஓர் உத்தியோகத்தின் பெயராக வழங்கியது. கணக்கிடும் மனிதரையே அவ்வாறு அழைத்தனர். அவ்வுத்தியோகத்தில் தலைசிறந்து விளங்கிய ராதாநாத சிக்தாரின் சரிதையை, பிள்ளைகளின் கணினிக் கல்வியில் கவலை கொண்ட அன்பர் யாவரும் அறிந்திருத்தல் நலமென நாம் கருதுகிறோம்.

சிக்தார் 1813ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தார். ஹிந்து கலாசாலையில் டைட்லர் என்னும் ஆசிரியரிடம் உயர்தரக் கணிதம் பயின்றார். 1831 டிசம்பரில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், திரிகோண நில அளவை இலாகாவில் கம்ப்யூட்டராக அமர்ந்தார். அந்த அளவை 1802ல் நமது பரங்கிமலையருகே லாம்டன் அளந்த ஆதாரக் கோட்டிலிருந்து தொடங்கியதாகும். அதன் முக்கோணங்கள் நெமிலி அடங்கிய ஆற்காட்டுச் சீமையைக் கடந்தே மேற்கே மங்களூரை எட்டின.

கலாசாலை அவருக்குச் சூத்திரங்களைத் தந்தது. அவற்றைக் கொண்டு சிந்திக்கும் வன்மையை வேலையே தந்தது. ஒரு தேசம் முழுவதையும் சங்கிலி பிடித்து அளத்தல் இயலாது. ஆகவே அதனை முக்கோணங்களாகப் பிரித்தனர். ஒரு பக்கத்தை நிலத்தில் அளந்து, மற்றவற்றைக் கோணங்களால் கணித்தனர். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முக்கோணத்தையும் சோதித்தனர். நெடுந்தூரம் சென்றபின் மீண்டும் ஒரு கோட்டை நிலத்தில் அளந்து, கணக்கோடு ஒப்பிட்டனர். பெரியதைப் பிரித்தல், முறை வகுத்தல், பிழை தேடித் திருத்தல் ஆகிய இவற்றையே இன்றைய அறிஞர் கணிப்புச் சிந்தனை என்கின்றனர்.

1849ல் சிக்தார் தலைமைக் கணக்கராகக் கல்கத்தா சென்றார். அக்காலத்தில் இமயத்தின் பதினைந்தாம் சிகரத்தை, நூறு மைலுக்கு அப்பால் ஆறு இடங்களிலிருந்து நோக்கியிருந்தனர். காற்றினூடே ஒளி வளைவதால் விளையும் பிழையைக் களைந்து கணித்த உயரம் 29,002 அடி. இலாகாத் தலைவர் வா 1856ல் அதனை வெளியிட்டு, சிகரத்திற்குத் தமக்கு முன் அப்பதவி வகித்த எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார். 2020ல் அறிவிக்கப்பட்ட அளவு 8,848.86 மீட்டர், வித்தியாசம் சுமார் 30 அடியே. அக்கணக்கில் சிக்தாரின் பங்கு எவ்வளவு என்பதில் வாதமுண்டு. அவர் தலைமைக் கணக்கராயிருந்தார் என்பதில் வாதமில்லை.

அவர் கணக்கில் மட்டும் வல்லவரல்லர். டேராடூனில் இலாகாவின் கூலியாட்களை மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் முறைகேடாக வேலை வாங்கியதை 1843ல் எதிர்த்து நின்று, 200 ரூபாய் அபராதம் ஏற்றார். 1854ல் பியாரி சந்த் மித்ராவுடன் சேர்ந்து, பெண்மக்கள் படிப்பதற்கென எளிய வங்காளியில் மாதப் பத்திரிகை நடத்தினார். 1862ல் ஓய்வுபெற்று, மாணாக்கருக்குக் கணிதம் போதித்தார். 1870ல் சந்திரநாகூரில் காலமானார்.

நில அளவைபற்றி 1851ல் வெளிவந்த கைந்நூலின் முகவுரை, அதன் கணிதப் பகுதிகளுக்காக அவருக்கு நன்றி கூறியிருந்தது. அவர் மறைந்தபின் 1875ல் வந்த பதிப்பில் அந்நன்றி மறைந்தது, பகுதிகள் மறையவில்லை! ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே இதனைக் கண்டித்தது. சுதந்திர இந்தியா 2004ல் தபால்தலை வெளியிட்டு அவரைக் கௌரவித்தது.

யந்திர உறுப்புகளின் பெயரை மனப்பாடம் செய்வித்துப் பரீட்சை நடத்துவதால் சிக்தார்கள் தோன்றார். நெமிலி வட்டத்து உபாத்தியாயர்கள் தம் மாணாக்கரைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். கயிறும் கோணமானியும் கொண்டு, நீரில் இறங்காமலே ஏரியின் அகலத்தைக் கணிக்கச் செய்யட்டும். பிழையைப் பிள்ளைகளே கண்டு திருத்தட்டும். அதன்பின் அந்த முறையைக் கணினிக்குக் கட்டளையாக எழுதுவது எளிதாகும். முடிந்த படத்தின் அடியில், கணக்கிட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதப்பெறுதல் வேண்டும். உழைத்தவன் பெயரை மறைக்காமலிருப்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதியேயாம்.