உடைந்தது சீசா; பிழைத்தன உயிர்கள்!

மோட்டார் கண்ணாடியின் கொடுமையைத் தீர்த்த ஓவியர் பெனடிக்டஸ்

1903-ம் ஆண்டு. பிரான்சு நாட்டின் தலைநகரமான பாரிஸ்.

ரசாயனக் கூடம் ஒன்றில் ஓர் இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து இருக்கும். உயரத்தில் ஒரு தட்டு. அதில் வரிசையாகச் சீசாக்கள். ஒரு சீசா நழுவித் 'தடால்' என்று தரையில் விழுந்தது.

விழுந்தது கண்ணாடிச் சீசா. தூள் தூளாகச் சிதறியிருக்க வேண்டும். துடைப்பம் எடுத்துக் கூட்டவேண்டியதுதான் பாக்கி.

இளைஞர் குனிந்து பார்த்தார். அப்படியே திகைத்து நின்றார்.

சீசா உடைந்துதான் இருந்தது. உடம்பு முழுவதும் விரிசல். ஆனால், சில்லுகள் தெறித்து ஓடவில்லை. உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சீசா உருவத்திலேயே கிடந்தன!

அந்த இளைஞரின் பெயர் எதுவார் பெனடிக்டஸ். இன்று கார்களின் முன்னால் பொருத்தப்படும் கண்ணாடி இருக்கிறதே, அதற்குப் பாட்டன் அந்த உடைந்த சீசாதான்.

தூரிகையும் உண்டு, ரசாயனமும் உண்டு

பெனடிக்டஸ் 1878-ம் ஆண்டு பாரிஸில் பிறந்தார். அவர் கற்ற முதல் வித்தை ஓவியம். படம் வரைவார். புத்தகங்களின் தோல் அட்டைகளில் பூவேலை செய்வார். துணிகளுக்கும் சுவர்க் காகிதங்களுக்கும் அழகான கோலங்கள் தீட்டுவார்.

அத்தோடு ரசாயனத்திலும் அவருக்குப் பெரிய மோகம். வண்ணம் குழைத்த கையே அமிலத்தையும் கலந்தது. ஓவியனுக்கு ரசாயனக் கூடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பார்க்கும் கண் ஓவியனுக்குக் கூர்மையாக இருக்கும். அந்தக் கண்தான் உடைந்த சீசாவைக் குப்பையில் போடாமல் உற்றுப் பார்த்தது.

சீசாவுக்குள் ஒரு காலத்தில் ஒரு திரவம் இருந்தது. பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்தி, ஈதரும் சாராயமும் கலந்த நீரில் கரைத்த திரவம் அது. நாளாவட்டத்தில் ஈதரும் சாராயமும் ஆவியாகிப் பறந்துவிட்டன. மிஞ்சியது, பாலாடை போன்ற ஒரு மெல்லிய படலம். அது சீசாவின் உட்புறமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டுகளைச் சிதறவிடாமல் பிடித்து வைத்தது அந்தப் படலம்தான்.

பெனடிக்டஸ் ஒரு சிறு காரியம் செய்தார். என்ன நடந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதினார். அந்தச் சீட்டைச் சீசாவில் ஒட்டினார். பத்திரமாக எடுத்து வைத்தார். பிறகு வேறு வேலைகளில் மூழ்கிவிட்டார். இப்படித்தான் அந்தச் சீசாவின் கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

உயிர் குடித்த கண்ணாடி

அப்போது பாரிஸ் தெருக்களில் மோட்டார் கார்கள் பெருகத் தொடங்கிய காலம். குதிரை வண்டிக்குப் பழகிய மக்கள், காரின் வேகத்தைப் புதுமையாகப் பார்த்தார்கள்.

வேகம் கூடியது. காற்றும் தூசியும் முகத்தில் அடித்தன. அவற்றைத் தடுக்கக் காரின் முன்னால் கண்ணாடி வைத்தார்கள். அது சாதாரண ஜன்னல் கண்ணாடி!

கார் எதிலாவது மோதினால் போதும். கண்ணாடி உடைந்து கத்தி கத்தியாகப் பாயும். முகம் கிழியும். கழுத்து அறுபடும். மோதலில் தப்பியவர்கள்கூடக் கண்ணாடிக்குத் தப்பவில்லை. காற்றைத் தடுக்க வைத்த காவலனே காலனாக மாறினான்.

இப்படிப்பட்ட விபத்துச் செய்தி ஒன்றைப் பெனடிக்டஸ் பத்திரிகையில் படித்தார். அடிபட்டவர்களைக் கண்ணாடிச் சில்லுகள் கோரமாகக் கிழித்திருந்தன. அவர் மனம் பதறியது. மறுகணம், பழைய சீசா ஞாபகத்துக்கு வந்தது. ரசாயனக் கூடத்துக்கு ஓடினார். சீசாவைத் தேடி எடுத்தார். சீட்டு அப்படியே இருந்தது.

இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு படலம்

சீசாவில் தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டுச் செய்யவேண்டும். இதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை.

இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டார். நடுவே செல்லுலாய்டு படலத்தை வைத்தார். மூன்றையும் ஒட்டி, நன்றாக அழுத்தினார். பார்த்தால் ஒரே கண்ணாடி போலத் தெரியும். அடித்தால் விரிசல் விடும், சில்லு பறக்காது. சிலந்தி வலை போல் கோடுகள் ஓடும், அவ்வளவுதான்.

1909-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். மூன்று அடுக்கு என்ற பொருள்படும்படி 'டிரிப்லெக்ஸ்' என்று கண்ணாடிக்குப் பெயர் வைத்தார்.

கார் முதலாளிகள் ஓடி வந்து வாங்கினார்களா? இல்லை! புதுக் கண்ணாடிக்கு விலை அதிகம். விபத்து நடப்பது ஓட்டுகிறவனின் தவறு, அதற்குக் கார் செய்கிறவன் என்ன செய்வான் என்பது அந்தக் காலத்து எண்ணம். கண்ணாடியிலும் ஒரு குறை இருந்தது. வெயில் பட்டால் நடுப்படலம் நாளடைவில் மஞ்சள் பூத்தது. பார்வை மங்கியது.

போர்க்களம் போன கண்ணாடி

1914-ல் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. போர்க்களத்தில் நச்சுப்புகை வீசினார்கள். சிப்பாய்கள் முகமூடி அணிந்தார்கள். முகமூடியில் கண்ணுக்கு நேரே கண்ணாடி வேண்டும். அது உடைந்து கண்ணில் பாய்ந்தால் என்ன கதி?

பெனடிக்டஸின் கண்ணாடி அங்கே கைகொடுத்தது. காருக்கு வேண்டாம் என்று தள்ளப்பட்ட கண்ணாடி, சிப்பாய்களின் கண்களைக் காத்தது.

யுத்தம் முடிந்தபின் உலகம் மெல்லக் கண் திறந்தது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1927 டிசம்பரில் 'மாடல் ஏ' என்ற புதுக் காரை வெளியிட்டார். லட்சக்கணக்கில் விற்ற கார் அது. அதன் முன்கண்ணாடி சிதறாத கண்ணாடி! செல்வர்களுக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பு, சாமானியனுக்கும் கிடைத்தது.

இதற்குள் பெனடிக்டஸ் தூரிகைக்குத் திரும்பியிருந்தார். 1924-ல் 86 அலங்காரக் கோலங்களை 20 ஏடுகளில் அச்சிட்டு வெளியிட்டார். 1925-ல் பாரிஸில் நடந்த மாபெரும் அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவர் தீட்டிய துணிகளும் இடம்பெற்றன. அவருடைய கோலங்களைக் கலை ரசிகர்கள் இன்றும் போற்றுகிறார்கள்.

1930 ஜனவரியில், 51-ம் வயதில், அவர் காலமானார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்

அவர் மறைந்தார். அவர் கண்ணாடி வளர்ந்தது. 1930-களின் பிற்பகுதியில் மஞ்சள் பூக்காத, ரப்பர் போல இழுபடும் புதுப் படலம் வந்தது. 1966-ல் அமெரிக்கக் கார்களில் அந்தப் படலத்தின் கனம் இரட்டிப்பாகி, 0.76 மில்லிமீட்டர் ஆனது. தலை மோதினாலும் கிழியாமல் தாங்கியது.

இப்போது கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. புதுக் கார்கள் பலவற்றில், முன்கண்ணாடியின் பின்னால், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு சிறு காமிரா இருக்கிறது. அது சாலைக் கோட்டைப் பார்க்கும். முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும். குறுக்கே வரும் மனிதனைப் பார்க்கும். ஓட்டுகிறவர் கவனிக்காவிட்டால், மணி அடித்து எச்சரிக்கும்; பிரேக்கும் போடும். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இப்படித் தானே பிரேக் போடும் வசதி கட்டாயம்.

அந்தக் காமிரா உலகத்தைப் பார்ப்பது பெனடிக்டஸின் கண்ணாடி வழியாகத்தான். மனிதனுக்கு மூக்குக்கண்ணாடி எப்படியோ, காமிராவுக்கு அது அப்படி.

கல் பட்டுக் கண்ணாடி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுக் கண்ணாடி போடுகிறார்கள். காமிராவைக் கழற்றி மாட்டுகிறார்கள். முன்பு இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம். அதனால் என்ன என்று தோன்றும்.

கணக்குப் பார்த்தால் தெரியும். காமிராவின் பார்வை ஒரே ஒரு டிகிரி விலகினால், 100 மீட்டருக்கு அப்பால் அது சுமார் 1¾ மீட்டர் தள்ளிப் பார்க்கும். நெடுஞ்சாலையில் ஒரு வண்டித் தடத்தின் அகலம் 3.5 மீட்டர் என்றால், பாதித் தடம் பிசகிவிட்டது! பக்கத்துத் தடத்தில் போகும் லாரி, நேர் எதிரே இருப்பதாகத் தோன்றலாம். நேர் எதிரே இருப்பது தோன்றாமலும் போகலாம்.

இதற்குத்தான் 'காலிபிரேஷன்' என்று ஒரு வேலை செய்கிறார்கள். காமிராவின் பார்வையை நேர்செய்வது என்று பொருள். சமதளமான தரையில் காரை நிறுத்துகிறார்கள். டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும். பின்னால் பாரம் இருக்கக்கூடாது. காருக்கு முன்னால், கம்பெனி சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட பலகையை வைக்கிறார்கள். காமிரா அதைப் பார்த்து, நடு எது, நேர் எது என்று கற்றுக்கொள்கிறது. சில கார்களைக் கோடு தெளிவாகப் போட்ட சாலையில் ஓட்டியும் சரிசெய்கிறார்கள். சிலவற்றுக்கு இரண்டும் தேவை.

இதைச் செய்யாமல் விட்டாலும் சில கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியாது. கார் வழக்கம்போல் ஓடும். கண்ணாடி பளபளக்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பிரேக் போடவேண்டிய ஒரு கணத்தில்தான் அது வெளியே வரும். அந்தக் கணத்தில் காருக்குள் இருப்பது மனைவி மக்களாக இருக்கலாம். சாலையைக் கடப்பது யாரோ பெற்ற பிள்ளையாக இருக்கலாம்.

ஆகவே, கண்ணாடி மாற்றும்போது இந்தக் காருக்குக் காமிரா உண்டா, கண்ணாடி அதற்கு ஏற்றதா, பார்வையை நேர்செய்தாகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். நேர்செய்ததற்குப் பட்டறையில் எழுத்து மூலம் ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ளவேண்டும்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெனடிக்டஸும் ஒரு சீட்டுத்தான் எழுதினார். உடைந்த சீசாதானே என்று அவர் அலட்சியமாகத் தூக்கி எறிந்திருந்தால், எத்தனையோ முகங்கள் கிழிந்திருக்கும். ஒரு துண்டுக் காகிதம் எத்தனையோ உயிர்களைக் காத்தது.

கண்ணாடியை மாற்றியவர் கையிலிருந்து வாங்கும் சீட்டும் அப்படிப்பட்டதே.