யொஹான் ஹைன்ரிக் பெஸ்டலோசி

யொஹான் ஹைன்ரிக் பெஸ்டலோசி (ஜனவரி 12, 1746 - பெப்ரவரி 17, 1827) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த கல்வியாளர் ஆவார். நூலை மனனம் செய்விக்கும் முன், பொருளைக் கண்டும் தொட்டும் அறியச் செய்ய வேண்டும் என்பது இவரது கொள்கை. வரைதலைச் சிறுவர்களின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக்கிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

பெஸ்டலோசி சூரிக் நகரில் பிறந்தார். ஐந்து வயதில், மருத்துவரான தந்தையை இழந்தார். 1769 இல் அன்னா ஷூல்தெஸ் என்பவரை மணந்தார். பிர் என்னும் ஊரின் அருகே, நொய்ஹோஃப் எனத் தாம் பெயரிட்ட பண்ணையில், ஏழைச் சிறுவர்களுக்குத் தொழிலும் கல்வியும் அளிக்கும் பள்ளியை 1774 இல் தொடங்கினார். பணமுடையால் அது 1780 அளவில் மூடப்பட்டது. 1799 இல் ஸ்டான்ஸ் நகரில், போரினால் ஆதரவற்றுப்போன சிறுவர்களைப் பேணும் பொறுப்பை ஏற்றார். சில மாதங்களில் அக்கட்டிடம் படை மருத்துவமனையாக்கப்பட்டதால் அப்பணியும் நின்றது. அடுத்துப் புர்க்டார்ஃபிலும், 1805 முதல் 1825 வரை இவர்டன் கோட்டையிலும் பள்ளி நடத்தினார்.

வரைதல் கற்பித்தல்

எண், வடிவம், சொல் ஆகிய மூன்றுமே கல்வியின் அடிப்படைகள் என்று இவர் கருதினார். வடிவத்தை அறிய அளத்தலும் வரைதலும் துணைபுரியும். எழுதுவதும் கோடுகளை வரைவதே என்பதால், எழுத்துப் பயிற்சிக்கு முன் வரைதல் பயிற்சி இடம்பெற வேண்டும் என்றார். பிள்ளைகள் முதலில் நேர்கோடு, கோணம், வளைவு ஆகியவற்றைக் கற்பலகையில் வரைந்தனர். சதுரத்தையும் அதன் பிரிவுகளையும் கொண்டு பொருள்களின் அளவு விகிதங்களைக் கண்ணால் மதிப்பிடப் பழகினர். இம்முறையை விளக்கும் நூல் 1803 இல் வெளியானது.

இவரது பள்ளியில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறப்படுவதுண்டு. ஆசிரியர் ஒருவர் ஏணியின் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியபோது, முற்றத்திலேயே உண்மையான ஏணி இருக்கையில் படம் எதற்கு என ஒரு சிறுவன் கேட்டான். இதனை அறிந்த பெஸ்டலோசி சிறுவன் கூறியதே சரி என ஏற்று, படங்களை விலக்கி, பொருள்களைக் கொண்டே கற்பிக்கச் செய்தார். இவர்டனில் மாணவர்கள் அருகிலுள்ள பள்ளத்தாக்கை நேரில் கண்டு, அதன் வடிவத்தைக் களிமண்ணால் செய்த பின்னரே நிலப்படத்தைப் பார்த்தனர்.

விமர்சனம்

பொருளை நோக்கவேண்டும் என்றவரின் வரைதல் பாடமே நெடுங்காலம் கோடுகளிலும் சதுரங்களிலும் தங்கிவிட்டது என்பது இம்முறையின் மீதான முக்கிய விமர்சனமாகும். பின்வந்த பள்ளிகள் பலவற்றில் அது இயந்திரத்தனமான பயிற்சியாகச் சுருங்கியது. எனினும், குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் முறையான பயிற்சி தேவை என்னும் கருத்து நிலைபெற்றது. 1808 முதல் 1810 வரை இவர்டனில் தங்கியிருந்த ஃபிரெட்ரிக் ஃபுரோபல், பின்னர் பாலர் பள்ளி முறையை உருவாக்கினார்.

இறுதிக்காலம்

ஆசிரியர்களிடையே எழுந்த பூசல்களால் இவர்டன் பள்ளி நலிந்து, 1825 இல் மூடப்பட்டது. நொய்ஹோஃபுக்குத் திரும்பிய பெஸ்டலோசி, 1827 இல் புரூக் நகரில் காலமானார். இவரது உடல் பிர் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.