ஒதுக்கீட்டுக்குள் ஒதுக்கீடு: கர்பூரி தாக்குர் போட்ட பாதை

பிகார் அரசு 1978-ம் ஆண்டு நவம்பரில் பிறப்பித்த ஆணை ஒன்று அம்மாநிலத்தையே கொந்தளிக்க வைத்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு வேலைகளில் இட ஒதுக்கீடு வழங்கிய அந்த ஆணையை எதிர்த்து மாணவர்கள் வீதிக்கு வந்தனர். கல்லூரிகள் மூடப்பட்டன. ரயில்கள் மறிக்கப்பட்டன, பேருந்துகள் கொளுத்தப்பட்டன. ஆணை பிறப்பித்த முதல்வர் கர்பூரி தாக்குர், அடுத்த ஐந்து மாதங்களில் பதவியை இழந்தார். அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024-ல், நாட்டின் மிக உயரிய பாரத ரத்னா விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ள பிதௌஞ்சியா கிராமத்தில் 1924-ல் பிறந்தவர் கர்பூரி தாக்குர். தந்தை கோகுல் தாக்குர் முடி திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர். அந்த வகுப்பில் பிறந்த ஒரு சிறுவன் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாசலை மிதிப்பதே அக்காலத்து வடபிகாரில் அரிது. அந்தக் கல்லூரிப் படிப்பையும் 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காகத் துறந்தார்; 26 மாதங்கள் சிறையில் இருந்தார். விடுதலையானபின் கிராமப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1952-ல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் தாஜ்பூர் தொகுதியில் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளராக நின்று சட்டப்பேரவைக்குச் சென்றார். அதன்பின் பேரவைத் தேர்தல் எதிலும் அவர் தோற்கவில்லை.

அவருடைய அரசியல் ஆசான் ராம் மனோகர் லோகியா. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகிய அனைவருக்கும் சேர்த்துப் பதவிகளில் 60 சதவீதம் வேண்டும் என்பது லோகியாவின் கோரிக்கை. காங்கிரஸ் ஆட்சியில் அமைச்சரவையும் அரசு அலுவலகங்களும் நான்கைந்து முற்பட்ட சாதிகளின் பிடியிலேயே இருந்த பிகாரில், இந்த முழக்கம் மற்ற இடங்களைவிட வேகமாக வேரூன்றியதில் வியப்பில்லை.

1967-ல் காங்கிரஸ் அல்லாத முதல் அரசு மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் பாட்னாவில் அமைந்தது. அதில் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கர்பூரி தாக்குர், மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றே தீரவேண்டும் என்ற விதியை நீக்கினார். இரண்டாண்டுகளுக்கு முன்புதான் ஹிந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடி ஓய்ந்திருந்த தமிழகத்துக்கு, ஆங்கிலத்தை அகற்றும் லோகியாவாதிகளின் எந்தச் செயலும் ஐயத்துக்குரியதாகவே தோன்றியிருக்கும். ஆனால் பிகாரின் நிலை வேறு. மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியும் ஆங்கிலம் ஒன்றில் தவறியதால் படிப்பே முடிந்துபோன கிராமத்துப் பிள்ளைகள் அங்கு ஏராளம். ஆங்கிலமின்றித் தேறியவர்களை 'கர்பூரி டிவிஷன்' என்று நகர்ப்புறத்தார் எள்ளி நகையாடினர். அந்த ஏளனத்தை ஒதுக்கிவிடலாம். அதில் பொதிந்திருந்த உண்மையை ஒதுக்க இயலாது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைத் தொடர்ந்து கற்பித்தனர். சலுகையால் கல்லூரிக்கு வந்த ஏழை மாணவனோ, பின்னர் உயர்கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் அதே ஆங்கிலத்தின் முன் தடுமாற நேர்ந்தது. கதவைத் திறந்தவர், அதற்கு அப்பாலிருந்த படிகளைக் கட்டித் தரவில்லை.

1970 டிசம்பரில் முதன்முறையாக முதல்வரானார். அந்தக் கூட்டணி அரசு அரையாண்டுகூடத் தாங்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தைத் தலைமறைவாகக் கழித்தார். 1977-ல் சமஸ்திபூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதே ஆண்டு ஜூனில் ஜனதா கட்சி சார்பில் மீண்டும் முதல்வரானார்.

ஜனதா கட்சி என்பது அப்போது பல கட்சிகளின் கலவை. பழைய காங்கிரஸாரும் ஜனசங்கத்தினரும் ஒருபுறம். சோஷலிஸ்டுகளும் சரண் சிங்கின் லோக் தளத்தினரும் மறுபுறம். இட ஒதுக்கீடு என்ற சொல்லே அந்தக் கலவையைப் பிரித்துவிடக்கூடியது என்பதை முதல்வர் அறியாதவரல்லர். 1971-ல் நியமிக்கப்பட்ட முங்கேரி லால் குழு 1976-ல் அளித்த அறிக்கை, தூசி படிந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்தார்.

அந்த அறிக்கையின் சிறப்பு, பிற்படுத்தப்பட்டோரை ஒரே கூட்டமாகப் பார்க்காமல் இரு அட்டவணைகளாகப் பிரித்ததில் இருந்தது. நிலமும் எண்ணிக்கை பலமும் கொண்ட யாதவர், குர்மி, கோயிரி போன்றோர் ஒரு பிரிவு. முடி திருத்துவோர், படகோட்டிகள், குயவர், தச்சர் எனச் சிறு சிறு தொழில் வகுப்புகளாகச் சிதறிக் கிடந்தோர் மற்றொரு பிரிவு. பெரிய சாதிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் இவர்களுக்கு எதுவும் மிஞ்சாது என்பதே இதன் அடிப்படை. 1978 ஆணையில் மொத்த ஒதுக்கீடு 26 சதவீதம். அதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12, பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பெண்களுக்கு 3, முற்பட்ட வகுப்பு ஏழைகளுக்கு 3 சதவீதம். தமிழகத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 சதவீதம் ஒதுக்கப்பட்டது இதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1989-ல்தான்.

முற்பட்ட வகுப்பு ஏழைகளையும் பெண்களையும் சேர்த்தது எதிர்ப்பைத் தணிக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. முற்பட்டோர் 3 சதவீதத்தால் மனநிறைவு கொள்ளவில்லை. எண்ணிக்கையில் பெரிய பிற்படுத்தப்பட்ட சாதியினருக்கோ, தங்கள் பங்கு 8 சதவீதத்தில் நின்றுவிட்ட குறை. இரு தரப்புக்கும் இடையே அவர் நின்றார். 1979 ஏப்ரலில் ஜனதா கட்சிக்குள்ளிருந்த ஜனசங்கப் பிரிவினர் உள்ளிட்டோர் ஆதரவை விலக்கிக்கொள்ள, அரசு வீழ்ந்தது. அடுத்து முதல்வராக்கப்பட்ட ராம் சுந்தர் தாஸ், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். பிற்படுத்தப்பட்டோரின் தலைவரை வீழ்த்த, முற்பட்டோர் ஆதரவுடன் தலித் ஒருவர் முன்னிறுத்தப்பட்டார் என்பது பிகார் அரசியலின் கூர்மையைக் காட்டும். எனினும், அந்த ஆணையை ரத்து செய்யும் துணிவு பின்வந்த அரசுகளுக்கு இருக்கவில்லை.

அதே ஆட்சிக் காலத்தில்தான், 1978-ல், ஊராட்சித் தேர்தலும் நடைபெற்றது. அதற்கடுத்த ஊராட்சித் தேர்தலைக் காண பிகார் மக்கள் 2001 வரை 23 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் கொண்டுவந்த மதுவிலக்கு அவருக்குப்பின் நிலைக்கவில்லை. நிலம் மட்டும் கைவைக்கப்படாமலே இருந்தது. வேலையில் பங்கு கேட்கப் படிப்பு வேண்டும்; படிப்புக்கு வழியற்ற கூலித் தொழிலாளிக்குத் தேவைப்பட்டது நிலமும் கூலியும். நில உச்சவரம்புச் சட்டம் ஏட்டளவில் கிடந்த போஜ்பூர் போன்ற மாவட்டங்களில் நக்சல் இயக்கம் வலுப்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். கூட்டணியின் ஆயுள் குறைவு என்பது ஒரு சமாதானமாகலாம். முழு விடை ஆகாது.

அவருடைய எளிமை குறித்து பிகாரில் வழங்கும் கதைகள் பல. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கோட்டு இல்லாமல் நண்பரிடம் வாங்கிச் சென்றார் என்றும், அது கிழிந்திருப்பதைக் கண்ட யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ புதிய கோட்டு ஒன்றைப் பரிசளித்தார் என்றும் சொல்லப்படுவதுண்டு. மகன் முதல்வரானபின்னும் தந்தை கிராமத்தில் கத்தியும் கத்தரிக்கோலுமாகவே வாழ்ந்தார் என்பர். அவரை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அவமதித்ததாகவும், கைது செய்யப் புறப்பட்ட அதிகாரிகளை முதல்வரே தடுத்து, இத்தகைய அவமதிப்பு ஒவ்வொரு கிராமத்திலும் நடப்பதைச் சுட்டிக்காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. கதைகளில் மிகை இருக்கலாம். இருமுறை முதல்வராக இருந்தும் சொல்லிக்கொள்ளத்தக்க சொத்து எதையும் அவர் சேர்க்கவில்லை என்பதை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை.

இறுதிக் காலம் இனிமையாக இல்லை. 1984 மக்களவைத் தேர்தலில் சமஸ்திபூரில் தோற்றார். 1987-ல் லோக் தளம் பிளவுபட்டபோது எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் பறிபோனது. பிற்படுத்தப்பட்டோரில் பெரிய சாதிகளைச் சேர்ந்த உறுப்பினர்கள் சிலரே அவரைக் கைவிட்டனர். 1988 பிப்ரவரி 17-ம் தேதி, 64-வது வயதில் பாட்னாவில் காலமானார். அடுத்த ஆண்டு எதிர்க்கட்சித் தலைவரான லாலு பிரசாத் 1990-ல் முதல்வரானார். பின்னர் நிதீஷ் குமார். இருவருமே தங்களைக் கர்பூரியின் வாரிசு என்றே கூறிக்கொண்டனர். அவர் பிறந்த ஊர் இன்று கர்பூரி கிராமம் என்று அழைக்கப்படுகிறது.

அவர் பாட்னாவில் செய்த பகுப்பை தில்லி ஏற்கவில்லை. பிகாரின் மற்றொரு முன்னாள் முதல்வரான பி.பி. மண்டல் தலைமையிலான ஆணையம் 1980-ல் அளித்த அறிக்கை, பிற்படுத்தப்பட்டோர் அனைவருக்கும் சேர்த்து 27 சதவீதம் என்றே பரிந்துரைத்தது. மிகவும் நலிந்தோருக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஆணையத்தின் ஒரே தலித் உறுப்பினரான எல்.ஆர். நாயக் எழுதிய மாறுபட்ட கருத்து எடுபடவில்லை. மத்தியப் பட்டியலை உட்பிரிவு செய்வது பற்றி ஆராய 2017-ல் நியமிக்கப்பட்ட ரோகிணி ஆணையம், பலமுறை கால நீட்டிப்புப் பெற்று 2023 ஜூலையில் அறிக்கை அளித்தது.

அதே ஆண்டு வெளியான பிகார் சாதிவாரிக் கணக்கெடுப்பு, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மாநில மக்கள்தொகையில் 36 சதவீதம் என்று காட்டியது. கர்பூரி தாக்குர் பிறந்த வகுப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இதனடிப்படையில் மொத்த ஒதுக்கீட்டை 65 சதவீதமாக உயர்த்தி பிகார் அரசு இயற்றிய சட்டங்களை 2024 ஜூனில் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.